‘கோ’ என்னும் ஈறு: ஜப்பானியப் பெண்பெயர்களில் ஒரு வழக்கின் எழுச்சியும் சரிவும்

ஜப்பானில் 1930களிலும் 1940களிலும் பிறந்த பெண்களின் பெயர்ப்பட்டியல் எதைப் புரட்டினாலும் ஒரே ஈறு திரும்பத் திரும்ப வரும்: கஸுகோ, சச்சிகோ, ஹிசாகோ, ஃபுமிகோ, யோஷிகோ. அவர்களுடைய பேத்திகளின் பட்டியலில் அதே ஈற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மெய்ஜி யசுதா ஆயுள் காப்பீட்டு நிறுவனம் 1912 முதலான ஆண்டுகளுக்குத் தொகுத்துள்ள பெயர்வரிசையில் இந்த ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரிகிறது. 1912இல் முதலிடம் பெற்ற பெண்பெயர் ‘சியோ’. அதில் ‘கோ’ இல்லை. 1920களின் தொடக்கத்திலிருந்து 1950களின் நடுப்பகுதி வரை முதல் பத்து இடங்களை ஏறக்குறைய முழுமையாக ‘கோ’ பெயர்களே நிரப்பின. 1965இல் ‘அகேமி’ முதலிடம் பிடித்தது. 1982இல் ‘யூகோ’ முதலிடம் பெற்ற பிறகு எந்தக் ‘கோ’ பெயரும் அந்த இடத்துக்குத் திரும்பவில்லை. 1980களின் பிற்பகுதியில் முதல் பத்துக்குள்ளும் அந்த ஈறு இல்லை.

ஒரு நாட்டின் பெண்குழந்தைகளில் பெரும்பாலோர் ஏன் ஒரே ஈற்றைப் பெற்றனர்? மூன்று தலைமுறைக்குள் அது ஏன் கைவிடப்பட்டது? வரலாற்றாசிரியர்களும் சமூகவியலாளர்களும் உளவியலாளர்களும் இதற்கு வெவ்வேறு விடைகள் தந்துள்ளனர். அவ்விடைகள் எங்கிருந்து வந்தன, எதுவரை தாங்குகின்றன என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

ஆணுக்குரியதாக இருந்த எழுத்து

‘கோ’வை எழுதப் பயன்படும் சீன எழுத்தின் அடிப்படைப் பொருள் ‘குழந்தை’. பண்டைச் சீனத்தில் அது ஆசான், பெருமகன் என்ற மதிப்புப் பொருளிலும் வழங்கியது. கன்ஃபூசியஸின் சீனப் பெயரில் இருப்பதும் இவ்வெழுத்தே. ஜப்பானிலும் தொடக்கத்தில் அதை ஆண்கள் தாங்கியிருந்தனர். 626இல் இறந்த அரசியல் வல்லாளர் சோகா நோ உமாகோவும், 607இல் சீனத்தின் சுயி அரசவைக்குத் தூது சென்ற ஓனோ நோ இமோகோவும் ஆண்கள். இன்றைய ஜப்பானியர் காதுக்கு இமோகோ பெண்பெயராகவே ஒலிக்கும்.

பெண்களிடம் இந்த ஈறு நிலைபெற்ற இடம் அரசவை. ஜப்பானியப் பெண்பெயர்களின் வரலாற்றை விரிவாக எழுதிய சுனோடா புன்எய் போன்றோரின் ஆய்வுகள், 809 முதல் 823 வரை ஆண்ட பேரரசர் சாகாவின் காலத்தைத் திருப்புமுனையாகக் காண இடம் தருகின்றன. சாகாவுக்குக் குழந்தைகள் ஏராளம். இளவரசி நிலையில் வைக்கப்பட்ட மகள்களுக்குக் ‘கோ’ ஈறும், மினமோத்தோ என்ற குடிப்பெயர் தந்து அரச குடும்பத்திலிருந்து விலக்கப்பட்ட மகள்களுக்கு ‘ஹிமே’ ஈறும் வழங்கப்பட்டன. ஒரே தந்தையின் மக்களிடையே தகுதி வேறுபாட்டைப் பெயரின் ஈறே காட்டியது.

அதன் பின் அரசவைத் தகுதியும் ‘கோ’வும் சேர்ந்தே நடந்தன. காமக்குரா ஆட்சியின் வலிமைமிக்க பெண்மணியை வரலாறு ஹோஜோ மசாகோ என்றே அழைக்கிறது. ஆனால் ‘மசாகோ’ என்பது 1218இல் அவர் அரசவைத் தகுதி பெற்றபோது, தந்தை தொக்கிமசாவின் பெயரிலிருந்து ஓர் எழுத்தை எடுத்து அமைத்தது. அவருடைய கணவர் யோரித்தோமோ இறந்தது 1199இல். எனவே கணவர் அவரை ஒருநாளும் அப்பெயரால் அழைத்திருக்க முடியாது. இத்தகைய ‘கோ’ பெயர் ஆவணத்துக்குரியது; வீட்டில் வாய்விட்டு அழைக்கும் பெயர் வேறு.

பொதுமக்களிடம் நிலைமை முற்றிலும் வேறு. எடோ காலத்து நகரப் பெண்களும் உழவர் வீட்டுப் பெண்களும் பெரும்பாலும் இரண்டு அசைப் பெயர்களே கொண்டிருந்தனர்: ஹரு, கிக்கு, சுரு, ஹனா. அழைக்கும்போது முன்னால் ஓர் ‘ஓ’ சேரும்: ஓஹரு, ஓகிக்கு. எழுதுவது பெரும்பாலும் அசையெழுத்தான கானாவில்.

முதல் விடை: மேற்குடியைப் பின்பற்றல்

மிகப் பழைய விளக்கமும் இன்றுவரை பரவலாகச் சொல்லப்படுவதும் இதுதான். மேட்டுக்குடியின் அடையாளத்தை அடுத்த படியிலுள்ளோர் எடுத்துக்கொள்ள, அவர்களைப் பார்த்து அதற்கடுத்த படியினர் எடுத்துக்கொள்கின்றனர். நவநாகரிகம் பற்றி ஜெர்மானியச் சமூகவியலாளர் கேயோர்க் சிம்மல் 1904இல் வகுத்துச் சொன்ன பொறிமுறையும் இதுவே. ஜப்பானில் இதைக் கண்முன் கண்டு பதிவுசெய்தவர்களில் லஃப்காடியோ ஹெர்ன் ஒருவர். 1900இல் வெளிவந்த தமது நூலொன்றில் ஜப்பானியப் பெண்பெயர்களுக்கெனத் தனிக் கட்டுரை ஒதுக்கிய அவர், ‘கோ’வை உயர்குடிப் பெயர்களோடு சேர்த்துப் பேசினார்.

தனிமனிதர்களின் வாழ்க்கையிலும் இந்த விளக்கத்துக்குச் சான்று கிடைக்கிறது. 1871இல் ஆறு வயதில் அமெரிக்காவுக்குக் கல்வி கற்க அனுப்பப்பட்ட சுதா உமேவின் பதிவுப் பெயரில் ‘கோ’ இல்லை. 1900இல் பெண்களுக்கான ஆங்கிலப் பள்ளியை நிறுவிய அவர், 1902இல் பதிவேட்டிலேயே ‘உமேகோ’ ஆனார். கவிஞர் யொசானோ அக்கிகோவின் பிறப்புப் பெயர் ‘ஷோ’. எழுத்தாளர் ஹிகுச்சி இச்சியோவின் இயற்பெயர் ‘நத்சு’. அவர் ‘நத்சுகோ’ என்று ஒப்பமிட்டதும் உண்டு. பெண்கல்வியாளர் ஷிமோடா உத்தாகோவின் பெயரோ, அவரது கவித்திறனை மெச்சிப் பேரரசி வழங்கியது. அரசவையிலிருந்து கல்வி கற்ற பெண்களுக்கு ஈறு கைமாறிய வழி இவர்களிடம் தெளிவாகத் தெரிகிறது.

இந்த விளக்கத்தின் குறை காலக்கணக்கில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகள் மேல்தட்டிலேயே தங்கியிருந்த ஈறு, 1890களுக்கும் 1920களுக்கும் இடையில் ஏன் திடீரென எங்கும் பரவியது? பின்பற்றும் ஆசை முன்பும் இருந்திருக்கும். புதிதாக வந்தது எது என்பதற்கு இவ்விளக்கம் தானாக விடை தருவதில்லை.

இரண்டாம் விடை: பதிவேடும் பள்ளியும்

அந்த இடைவெளியை நிரப்ப முயல்வது நிர்வாக விளக்கம். 1871இல் இயற்றப்பட்டு 1872இல் நடைமுறைக்கு வந்த ‘கோசெக்கி’ என்னும் குடும்பப் பதிவேடு ஒவ்வொருவரையும் ஒரு பெயரில் நிறுத்தியது. அதே 1872இல் விருப்பம்போல் பெயர் மாற்றுவதும் தடைசெய்யப்பட்டது. வயதுக்கும் தகுதிக்கும் ஏற்பப் பெயரை மாற்றிக்கொண்டுவந்த சமூகத்தில் இது பெரிய முறிவு. 1875இல் குடும்பப்பெயர் கட்டாயமானது. குடிப்படிநிலைகள் சட்டத்தில் தளர்ந்ததால், முன்னர் தகுதி பார்த்து வழங்கப்பட்ட ஈற்றை எவரும் சூட்டத் தடையில்லாமல் போயிற்று.

இதனோடு பள்ளியும் சேர்ந்தது. 1899ஆம் ஆண்டின் உயர்நிலைப் பெண்பள்ளி ஆணைக்குப் பின் நடுத்தரக் குடும்பத்துப் பெண்கள் பெருமளவில் வகுப்பறைக்கு வந்தனர். பதிவேட்டில் ‘ஹரு’ என்றிருந்தவள் பள்ளியிலும் கடிதங்களிலும் ‘ஹருகோ’ ஆவது வழக்கமாயிற்று. அந்தத் தலைமுறை தாய்மாரானபோது, தாம் ஒட்டவைத்துக்கொண்ட ஈற்றை மகள்களுக்குப் பிறப்பிலேயே பதிந்தனர். காப்பீட்டு நிறுவனத்தின் வரிசையும் இதற்கு இசைகிறது: 1912இல் முதலிடத்திலிருந்த ‘சியோ’வின் இடத்தை அடுத்த சில ஆண்டுகளிலேயே ‘சியோகோ’ பிடித்தது.

இதன் துணைவிளக்கமாகப் பால்குறிப்பு வாதமும் உண்டு. கானாவில் எழுதப்பட்ட பெண்பெயர்கள் சீன எழுத்துக்கு மாறியபோது, ‘மசா’, ‘கஸு’ போன்ற பகுதிகள் ஆண்பெயர்களிலும் வருவதால் குழப்பம் நேர்ந்தது. ‘கோ’ அதைத் தீர்த்தது என்பது அவ்வாதம். தர்க்கம் சரியே. ஆனால் ‘யோ’, ‘எ’, ‘மி’ ஆகிய ஈறுகளும் அன்று பெண்பெயர்களில் வழங்கின. ஏதோவோர் ஈறு தேவைப்பட்டதை இவ்வாதம் விளக்கலாம். ‘கோ’தான் வென்றது ஏன் என்பதற்கு அரசவை மதிப்பிடமே திரும்ப வேண்டியிருக்கிறது. பதிவேட்டு விளக்கத்துக்கும் இதே எல்லை உண்டு. அதே பதிவேட்டில் ஏறிய ஆண்பெயர்கள் ஒற்றை ஈற்றில் குவியவில்லை.

மூன்றாம் விடை: காலத்தின் நிகழ்ச்சிகள்

‘கஸுகோ’வின் வாழ்க்கை இங்கே நெருங்கிப் பார்க்கத் தக்கது. இப்பெயரின் முதல் எழுத்து இணக்கம், அமைதி என்று பொருள்படும். ‘ஜப்பானிய’ என்ற அடையாகவும் வரும். 1926 டிசம்பர் 25 அன்று தொடங்கிய ஷோவா சகாப்தத்தின் பெயரில் இரண்டாவதாக நிற்பது இதே எழுத்து. புதிய சகாப்தத்தின் பெயரைக் குழந்தைக்குச் சூட்டும் ஆர்வத்தில் கஸுகோ மேலேறினாள். 1920களின் இறுதியிலிருந்து 1950களின் தொடக்கம் வரை பெரும்பாலான ஆண்டுகளில் முதலிடம் அவளுக்கே. பேரரசின் 2600ஆம் ஆண்டு கொண்டாடப்பட்ட 1940இல், ‘சகாப்தம்’ என்ற சொல்லின் எழுத்தைத் தாங்கிய ‘நோரிகோ’ உயர்ந்தது. பசிபிக் போர்க்காலத்தில் பெருங்கடலைக் குறிக்கும் எழுத்தோடு ‘யோகோ’ எழுந்தது.

கஸுகோ சகாப்தத்தோடு பிறந்த பெயருமல்ல. ஷோகுன் தோக்குகாவா ஹிதேத்தாடாவின் மகள் 1620இல் பேரரசர் கோமிசுனோவின் துணைவியாக அரண்மனைக்குள் சென்றபோது, அவர் பெயர் இதே எழுத்துகளால் எழுதப்பட்டது. அரசவையில் அழுத்த ஒலிகள் தவிர்க்கப்பட்டதால் ‘கஸுகோ’ என்ற உச்சரிப்பு ‘மசாகோ’ ஆக்கப்பட்டது என்று சொல்லப்படுகிறது. ஷோகுனின் மகளுக்கு உரியதாயிருந்த எழுத்துக்கோவை, முந்நூறு ஆண்டு கழித்து மீனவர் வீட்டிலும் நெசவாளர் வீட்டிலும் வைக்கப்பட்டது.

நிகழ்ச்சி விளக்கம் கேட்பதற்கு நிறைவாக இருக்கும். ஆனால் அது பெயரின் முதற்பகுதியைத்தான் விளக்குகிறது; ஈற்றை அல்ல. சகாப்தமோ போரோ எந்த எழுத்தைத் தூக்கிவிட்டாலும் பின்னால் ‘கோ’ மாறாமல் நின்றது. அந்நூற்றாண்டின் மிகப்பெரிய நிகழ்ச்சியான 1945ஆம் ஆண்டுத் தோல்வியும் கஸுகோவை அசைக்கவில்லை. போருக்கு முன் சகாப்தத்தைச் சுட்டிய எழுத்தைப் போருக்குப் பின் சமாதானம் என்று வாசிக்க முடிந்தது ஒரு காரணமாக இருக்கலாம். புற நிகழ்ச்சிகளைக் கொண்டு பெயர்களை விளக்குவதில் எச்சரிக்கை தேவை என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் 2000இல் வெளியிட்ட நூலில் விரிவாக வாதிட்டார். கஸுகோ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

கொரியாவிலிருந்து ஓர் ஒப்பீடு

ஈற்றின் மதிப்பு எழுத்தில் இருந்ததா, ஆட்சியில் இருந்ததா என்ற கேள்விக்குக் கொரியா பயனுள்ள ஒப்பீடு. ஜப்பானிய ஆட்சியின்கீழ் அங்கும் இதே எழுத்து பெண்பெயர்களில் நுழைந்தது. கொரிய உச்சரிப்பில் அது ‘ஜா’. யோங்ஜா, சுன்ஜா, மியோங்ஜா போன்றவை 1940களில் பிறந்த பெண்களிடம் மிகப் பரவலானவை. 1946இல் கொரியப் பெயர்களை மீட்கும் ஆணை வந்தது. பின்வந்த ஆண்டுகளில் இந்த ஈறு சூட்டப்படுவது குறைந்தது. 1975இல் வெளிவந்த ‘யோங்ஜாவின் பொற்காலம்’ என்ற திரைப்படத்தின் நாயகி, கிராமத்திலிருந்து சியோலுக்கு வேலை தேடி வரும் ஏழைப்பெண். அப்பெயரிலேயே ஒரு தலைமுறையின் வறுமை ஏறியிருந்தது.

ஆட்சி போனதும் ஈறும் போனது என்று இதை வாசிக்கலாம். ஆனால் ஜப்பானிலும் ஓரிரு பத்தாண்டுகள் பின்தங்கி அது சரிந்தது. ஆகவே கொரியச் சரிவில் எவ்வளவு விடுதலையின் விளைவு, எவ்வளவு நவநாகரிகத்தின் இயல்பான தேய்வு என்று பிரிப்பது எளிதன்று.

சரிவுக்குச் சொல்லப்படும் காரணங்கள்

*மக்களாட்சி.* அரசவையின் ஒளி மங்கியதால் அதன் ஈறும் மங்கியது என்பது முதற்கூற்று. காலவரிசை இதற்கு ஒத்துழைக்கவில்லை. 1945க்குப் பின் பத்தாண்டுகளுக்கு மேல் ‘கோ’ உச்சத்திலேயே இருந்தது. 1959இல் பட்டத்து இளவரசரை மணந்த ஷோடா மிச்சிகோவைச் சுற்றி நாடே ஆரவாரித்தது. அவர் பெயரும் ‘கோ’ பெயரே. இருந்தும் அடுத்த பத்தாண்டில்தான் சரிவு வேகம் பிடித்தது.

*மேலை ஒலி.* நாவலாசிரியர் மோரி ஓகாய் 1903இல் பிறந்த மகளுக்கு மாரி என்றும் 1909இல் பிறந்த மகளுக்கு அன்னு என்றும் ஐரோப்பிய ஒலியில் பெயரிட்டார். தனிசாக்கி ஜுன்இச்சிரோ 1924இல் தொடங்கிய நாவலின் நாயகி நவோமியின் பெயரில் கதைசொல்லி மயங்குவதற்கும் அதன் மேலைச்சாயலே காரணம். ‘நவோமி’ பெயர்வரிசையில் முதலிடம் எட்டியது 1960களின் இறுதியில். நாற்பது ஆண்டு இடைவெளியைப் பார்த்தால், மேலை ஒலி விருப்பம் விதையாக இருந்திருக்கலாமே தவிர, அது தனியே போதிய காரணம் ஆகாது.

*எழுத்துச் சட்டம்.* 1946இல் பொதுப் பயன்பாட்டு எழுத்துகள் 1850 என வரையறுக்கப்பட்டன. 1947ஆம் ஆண்டின் பதிவேட்டுச் சட்டம் பெயர்களுக்கும் வரம்பிட்டது. 1951இல் பெயர்களுக்கென 92 எழுத்துகளும், 1990இல் மேலும் 118 எழுத்துகளும், 2004இல் ஒரே தடவையில் 488 எழுத்துகளும் சேர்க்கப்பட்டன. எழுத்துகள் பெருகியதால் பெயர்கள் பெருகின என்பது வாதம். 1990க்குப் பிந்தைய பன்மைக்கு இது பொருந்துகிறது. ஆனால் ‘கோ’ முதலிடத்தை இழந்தது அதற்கு முன்பே. பட்டியல் குறுகியிருந்த காலத்திலேயே.

*ஊடகமும் வகுப்பும்.* கனெஹாரா கட்சுனோரி 1995இல் வெளியிட்ட நூலின் தலைப்பு, ‘கோ’ பெயர் கொண்ட பெண்கள் அறிவாளிகள் என்று பொருள்படும். தலைப்பு பரபரப்பானது, வாதம் அவ்வளவு எளியதல்ல. பெற்றோர், குறிப்பாகத் தாய், எந்த அளவு வெகுஜன ஊடகத்தில் தோய்ந்து வளர்ந்தார் என்பதைப் பெயர் காட்டுகிறது, அதுவே பிள்ளையின் படிப்பிலும் தெரிகிறது என்றார் அவர். குடும்பத்தின் வருவாய், பெற்றோரின் கல்வி ஆகியவற்றைப் பிரித்தெடுக்காமல் இத்தகைய முடிவுக்கு வர முடியாது என்பது வலுவான மறுப்பு. எனினும் 1980களில் ‘கோ’வைப் பிடித்துவைத்திருந்தவர்கள் பழைமை விரும்பும் குடும்பத்தினர் என்ற கவனிப்பு தள்ளிவிடத் தக்கதன்று.

*தனித்துவ நாட்டம்.* 2004 முதல் 2013 வரையிலான பெயர்த்தரவுகளை ஆராய்ந்து உளவியலாளர் ஒகிஹாரா யூஜியும் உடனாய்வாளர்களும் 2015இல் வெளியிட்ட ஆய்வு, பரவலான உச்சரிப்புகளின் பங்கு குறைந்துவருவதைக் காட்டி அதைத் தனிமனிதச் சார்பின் வளர்ச்சியோடு இணைத்தது. இது அண்மைக் காலத்துக்கு வலுவான விளக்கம். ஆனால் 1960களில் ‘கோ’வை விட்டவர்கள் தனித்துவமான பெயரை நாடவில்லை, அகேமி, நவோமி, மயுமி என்று மற்றொரு பொது ஈற்றுக்கே கூட்டமாக நகர்ந்தனர்.

அகத் தேய்வு என்ற விளக்கம்

நவநாகரிகம் ஒரேயடியாகத் தாவுவதில்லை, இருப்பதிலிருந்து ஓரடி மட்டுமே நகர்கிறது என்ற லீபர்சனின் கருத்து, ஜப்பானியத் தரவோடு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. 1960களின் தொடக்கத்தில் குமிகோ, யுமிகோ என்ற பெயர்கள் முன்னணிக்கு வந்தன. இவற்றில் ‘கோ’வுக்கு முன்பே ‘மி’ என்ற மற்றொரு பெண்பால் ஈறு அமர்ந்திருக்கிறது. ‘கோ’வை உதிர்த்தாலும் குமி, யுமி என முழுப்பெயர் மிஞ்சும். 1950களின் பல ஆண்டுகளில் முதலிடத்திலிருந்த ‘கேய்கோ’வின் முதல் எழுத்து, ஈறின்றித் தனித்து நின்று ‘மெகுமி’ என்ற உச்சரிப்பில் 1980 வாக்கில் முதலிடம் பெற்றது. 1983 முதல் 1990 வரை முதலிடத்தில் இருந்ததோ ‘அன்பு’ எனப் பொருள்படும் ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்து. அன்றைய பட்டத்து இளவரசருக்கு 2001 டிசம்பர் 1 அன்று பிறந்த மகளுக்கு அதே எழுத்தோடு ‘கோ’ சேர்த்து ஐகோ என்று பெயரிடப்பட்டது. வெளியே ஈறு உதிர்ந்த பின்னும் அரச குடும்பத்தில் அது விடாமல் தொடர்கிறது.

ஈற்றின் மதிப்பு, அது சிலரிடம் மட்டும் இருந்ததில் இருந்தது. எல்லாரும் பெற்றபின் அது பெண் என்பதை மட்டுமே அறிவித்தது. பிறகு ‘அம்மா தலைமுறை’ என்றும் அறிவிக்கத் தொடங்கியது. இந்த விளக்கம் சரிவின் வடிவத்தை நன்கு காட்டுகிறது. ஆனால் 1940களிலேயே தெவிட்டியிருக்க வேண்டிய ஈறு, பத்துப் பதினைந்து ஆண்டு தாமதித்தது ஏன் என்பதற்கு அது தெளிவான விடை தருவதில்லை.

தரவின் எல்லைகள்

எல்லா விடைகளும் சார்ந்திருக்கும் தரவு குறித்தும் எச்சரிக்கை தேவை. காப்பீட்டு நிறுவனத்தின் வரிசை மக்கள்தொகை முழுவதையும் அளந்ததன்று. முந்தைய ஆண்டுகளுக்கான பட்டியல், பிற்காலம்வரை வாழ்ந்து காப்பீடும் எடுத்தவர்களை வைத்தே அமைய முடியும். மேலும் அது எழுத்துவடிவத்தை எண்ணுகிறது. பெருங்கடல் எழுத்தால் எழுதப்படும் ‘யோகோ’வும் கதிரவ ஒளி எழுத்தால் எழுதப்படும் ‘யோகோ’வும் அங்கே வேறுவேறு பெயர்கள். மறுபுறம், 1982இல் முதலிடம் பெற்ற எழுத்துக்கோவையை ‘யூகோ’ என்றும் ‘ஹிரோகோ’ என்றும் வாசிக்கலாம். ‘சச்சிகோ’வை ‘யுக்கிகோ’ என்றும் வாசிக்கலாம்.

பதிவேட்டிலேயே உச்சரிப்பு இடம்பெறத் தொடங்கியது 2025 மே 26 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தத்தால்தான். ஹேயான் காலத்துக்குச் சென்றால் நிலைமை இன்னும் கடினம். பேரரசி ஷோஷியின் பெயர் எழுத்து தெரியும். உண்மையான உச்சரிப்பு உறுதியில்லாததால் ஆய்வாளர்கள் சீனமுறை ஒலியிலேயே குறிப்பிடுகின்றனர். அவருக்குப் பணிபுரிந்த முரசாக்கி ஷிக்கிபுவின் இயற்பெயரே விவாதத்துக்குரியது.

மதிப்பீடு

இந்த விடைகளை ஒன்றுக்கொன்று போட்டியாக வைப்பதைவிட, வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகளாகக் கொள்வது பொருத்தம். எந்த ஈறு என்பதற்கு அரசவை மரபும், ஏன் அந்தக் காலத்தில் என்பதற்குப் பதிவேடும் பெண்பள்ளியும், ஈற்றுக்கு முன் எந்த எழுத்து என்பதற்கு நிகழ்ச்சிகளும் ஓரளவு நம்பத்தகுந்த விடை தருகின்றன. சரிவின் தொடக்கத்துக்கு அகத் தேய்வு விளக்கமே மற்றவற்றைவிடத் தரவோடு ஒத்துவருகிறது. எழுத்துச் சட்டமும் தனித்துவ நாட்டமும் 1990க்குப் பிந்தைய கட்டத்துக்கே உரியவை; அவற்றை 1960களுக்குப் பின்னோக்கி இழுப்பது பொருந்தாது.

தீராதவை மூன்று. ஒன்று, 1872க்கும் 1912க்கும் இடைப்பட்ட நாற்பதாண்டில் பதிவுப் பெயருக்கும் அழைக்கும் பெயருக்கும் இடையே எவ்வளவு தூரம் இருந்தது என்பது. ஊர்வாரியான பள்ளிப் பட்டியல்களையும் பதிவேடுகளையும் ஒப்பிட்டால் மட்டுமே இது துலங்கும். இரண்டு, பெயரைத் தேர்ந்தெடுத்தது யார் என்பது. தாத்தாவும் தந்தையும் தீர்மானித்த வீட்டிலும் தாய் தீர்மானித்த வீட்டிலும் ஈறு ஒரே வேகத்தில் மாறியிருக்குமா என்பதைப் பெயர்வரிசைகள் சொல்வதில்லை. மூன்று, 2010 வாக்கில் ‘ரிக்கோ’ முன்னணிப் பெயர்களிடையே வந்ததை எப்படிக் கொள்வது என்பது. பழைய ஈறு திரும்புகிறது எனலாம். குறுகிய, மென்மையான இரண்டு அசை ஒலியை விரும்பும் இன்றைய சுவையில் ‘கோ’ தற்செயலாக இடம்பெற்றது என்றும் கொள்ளலாம். ஒற்றைப் பெயரை வைத்து இதில் தீர்ப்புச் சொல்வது இப்போதைக்கு அவசரமாகும்.